கல்லூரிக் கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறாததற்குப் பணம்தான் காரணமா?

வெயிலோன்: “பணமில்லை” என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். கட்டட நிதி ஒரு கணக்கில், மின்கட்டணம் வேறொரு கணக்கில். தகடுகளுக்குச் செலவழிக்கும் துறைக்குக் கட்டணம் குறைவதால் ஒரு பைசாவும் வருவதில்லை. பிறகு எப்படிக் கோப்பு நகரும்? ஹார்வர்டில் 2001-இல் 30 லட்சம் டாலரில் சுழல்நிதி தொடங்கினார்கள். துறைகள் அதில் கடன் வாங்கி, மிச்சமான செலவிலிருந்தே திருப்பிக் கட்டின.

பராமரிப்புப் பொறியாளர்: கோப்பு நகர்ந்தாலும் கூரை இடம் கொடுக்க வேண்டுமே ஐயா! 1 கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வேண்டும். தண்ணீர்த் தொட்டி, குளிரூட்டி, மரநிழல் போக என்ன மிஞ்சும்? தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் கூரை ஒழுகினால் அத்தனையையும் கழற்றி மாட்ட வேண்டும். அந்தச் செலவை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. வேதியியல் ஆய்வகத்தின் புகை உறிஞ்சிகளோ தகடு மின்சாரம் தராத இரவிலும் ஓடுகின்றன.

வெயிலோன்: கூரை இல்லையென்றால் வெளியிலிருந்து வாங்கலாம். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகமும் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் 2014-இல் அப்படித்தான் செய்தன: வட கரோலினாவில் 52 மெகாவாட் சூரியப் பண்ணைகள், 20 ஆண்டு ஒப்பந்தம்.

இயற்பியல் ஆசிரியை: இருவரும் மின்சாரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். குளிர்நாட்டு வளாகங்களில் ஆற்றலின் பெரும்பங்கு கட்டடங்களைச் சூடாக்கவே போகிறது. கூரைத் தகடு அங்கே எந்த மூலைக்கு? அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2009-இல் வேலையைத் தொடங்கி, ஏறத்தாழ 3,600 ஆழ்துளைகள் போட்டு, நில வெப்பத்தைப் பயன்படுத்தி 2014-இல் நிலக்கரிக் கொதிகலன்களை நிறுத்தியது. வளாகத்தையே தோண்டிப்போட்டுப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க எத்தனை நிர்வாகங்கள் துணியும்? கோரிக்கை வைத்த மாணவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள். புதியவர்கள் மறுபடி முதலிலிருந்து மனு எழுதுகிறார்கள். என் கண்ணுக்கு இதுதான் பெரிய தடை.

வெயிலோன்: அதற்காகத்தான் சுழல்நிதி வேண்டும் என்கிறேன் அம்மா. ஆள் மாறினாலும் கணக்கு மாறாது.

பராமரிப்புப் பொறியாளர்: அந்தக் கணக்கில் கூரையைப் புதுப்பிக்கும் செலவையும், 10 அல்லது 15 ஆண்டுகளில் மாற்ற வேண்டிய இன்வெர்ட்டரின் (தகட்டின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக மாற்றும் கருவி) விலையையும் முதல் நாளே எழுதுங்கள். எழுதினால் நானே கையெழுத்துப் போடுகிறேன். எழுதாமல் கொண்டுவந்தால், எத்தனை முறை வந்தாலும் எதிர்ப்பேன்.