இயற்கைச் சட்டம்: 'இயற்கைக்கு மாறானது தவறு' எண்டு எழுதினால் போதுமோ?

கோண்டாவில்:
மெய்யியல் பாடத்துக்கு, இயற்கைச் சட்டம் (பகுத்தறிவால அறியக்கூடிய ஒழுக்க விதி) பற்றி எழுதின இடைக்காலக் கிறிஸ்தவ மெய்யியலாளர் தோமஸ் அக்குவைனாஸைப் படிக்கிறன். மேலே கேட்டதோட, யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் இயற்கைச் சட்டத்துக்குள்ள வருமோ?

சுன்னாகம்:
போதாது, விடையே பிழைச்சுப்போகும். மூக்குக்கண்ணாடியும் இயற்கையில இல்லைத்தானே. அக்குவைனாஸ் 'இயற்கை' எண்டு சொல்லுறது பகுத்தறிவுள்ள மனிசரின்ர இயல்பை. 'நன்மையைச் செய், தீமையை விலக்கு' எண்ட முதல் விதியில தொடங்குங்கோ. பிறகு மனிசரின்ர நாட்டங்கள்: உயிரைக் காத்தல், பிள்ளை வளர்த்தல், உண்மை தேடிக் கூடிவாழ்தல். அதுகளில இருந்துதான் நியமங்கள் வரும். விபரத்துக்குள்ள இறங்க இறங்க விதிவிலக்கு கூடும். நம்பி ஒப்படைச்ச பொருளைத் திருப்பிக் குடுக்கவேணும். ஆனா நாட்டுக்கு எதிராச் சண்டைபிடிக்கக் கேட்டால் குடுக்கக்கூடாது. இது அவரே தந்த உதாரணம், கட்டாயம் எழுதுங்கோ.

இணுவில்:
தேசவழமை 1707இல ஒல்லாந்தர் தொகுப்பிச்ச வழக்காறு, அதாவது மனிதச் சட்டம். அதை அளக்கிற கோல்தான் இயற்கைச் சட்டம். கலியாணம் முடிச்ச பெண் தன்ர சீதனக் காணியை விக்கப் புருஷன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும் எண்ட விதியைப் பாருங்கோ. சட்டம் சரி, நீதியோ? என்னைக் கேட்டால் இல்லை. தன்ர சொத்தைப் பற்றி முடிவெடுக்கிற பகுத்தறிவு அவவுக்கும் இருக்கு.

கோண்டாவில்:
நன்றி அண்ணை. இயற்கைச் சட்டத்துக்கு எதிரா எடுக்கிற, மெய்யியலாளர் டேவிட் ஹியூமின்ர ஆட்சேபனை என்ன?

சுன்னாகம்:
'இருக்கு' எண்டதில இருந்து 'இருக்கவேணும்' எண்டு தாவேலாது எண்டதுதான். இயற்கைச் சட்டத்தை ஆதரிக்கிற சட்ட மெய்யியலாளர் ஜோன் ஃபின்னிஸ் 1980இல பதில் சொன்னார்: உயிர், அறிவு, நட்பு முதலான 7 அடிப்படை நன்மைகள் தாமாகவே விளங்கும், இயல்பில இருந்து பெறத் தேவையில்லை. அப்ப 'இயற்கை' எங்க போச்சுது எண்டு விமர்சகர் கேக்கினம். அதையும் ரெண்டு வரி சேருங்கோ.