மறு: சிம்பயாண்ட்: ‘கூட்டுயிரி’ போதுமா, புதுச்சொல் வேண்டுமா?

நண்பர்களே,

நேற்று ராத்திரி வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். சிம்பயாண்ட் (symbiont), அதாவது இன்னோர் உயிரோடு சேர்ந்து வாழும் உயிர், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டவள் நான்தான், அதனால் என் சிக்கலை இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

வேளச்சேரியில் எங்கள் தெரு நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்காக மார்கரெட் மெக்ஃபால்-ங்காய் என்ற உயிரியலாளரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சின்னக் கணவாயையும் அதற்குள் வாழும் ஒரு பாக்டீரியாவையும் விடாமல் ஆராய்ந்து வருபவர். காசிமேட்டில் கடம்பா என்போமே, அந்த வகையறாதான். ஆனால் ஹவாய்க் கடலில் இருப்பது கட்டைவிரல் அளவே வளரும். பகலெல்லாம் மணலில் புதைந்து கிடந்துவிட்டு இரவில் வேட்டைக்கு வரும். நிலா வெளிச்சத்தில் தன் நிழலுரு கீழே இருப்பவற்றின் கண்ணில் படாமலிருக்க, அடிப்பக்கத்தை ஒளிரவிடும். அந்த ஒளி அதன் சொந்தச் சரக்கு இல்லை. ஒளியுறுப்புக்குள் குடியிருக்கும் விப்ரியோ ஃபிஷெரி பாக்டீரியாக்கள் தருவது. குஞ்சு பொரிந்து வரும்போது அந்த உறுப்பு காலி. சில மணி நேரத்தில், கடல்நீரில் மிதக்கும் எத்தனையோ பாக்டீரியாக்களில் இந்த ஒன்றை மட்டும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. தினமும் விடிந்ததும் 95 சதவீதத்தை வெளியே தள்ளிவிடும். மிச்சமிருப்பவை மறுபடி பெருகிக்கொள்ளும். பாக்டீரியா குடியேறிய பிறகுதான் அந்த உறுப்பே அடுத்த வளர்ச்சிக்குப் போகிறது என்று 1991இல் அவரும் சக ஆய்வாளர் நெட் ரூபியும் காட்டினார்கள்.

இந்த பாக்டீரியாவை என்னவென்று அழைப்பது?

> கூட்டுயிரி ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. எதற்கு இன்னொன்று?

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் பலர் சேர்ந்து ஒன்றான உயிர் என்றுதான் மனம் போகிறது. இரண்டில் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிவதில்லை. ‘கூட்டு’ என்றாலே ஏதோ லாபத்தில் பங்கு என்ற தொனியும் வந்துவிடுகிறது.

> எங்கள் திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தை நினைத்து ‘ஒண்டுயிரி’ என்கிறேன்.

சிரித்துவிட்டேன் சார். ஒரே முற்றம், ஒரே குழாய், ஏழு குடும்பம், உவமை கச்சிதம். மனசு அதில்தான் நின்றது. ஆனால் வேகமாகச் சொன்னால் ஒட்டுண்ணி என்று காதில் விழுகிறது. தவிர, ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய பழமொழி வேறு கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் பரிந்துரை: உடனுறையி.

‘பாம்போடு உடனுறைந் தற்று’ என்று உட்பகை அதிகாரத்தில் வருகிறதே, குறள் 890, அங்கிருந்துதான் எடுத்தேன். ஒரே குடிசையில் பாம்போடு இருப்பதும் உடனுறைதல்தான். அந்தச் சொல்லில் நட்பும் இல்லை, பகையும் இல்லை. 1879இல் ஜெர்மன் தாவரவியலாளர் டி பாரி சிம்பயாசிஸுக்குச் சொன்ன விளக்கமும், வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வது என்ற அளவில்தான் நின்றது. நன்மை தீமை என்ற பேச்சே அதில் இல்லை.

நம் ஊர் உதாரணமே எடுத்துக்கொள்ளுங்கள். கூவம் கரையில் சாயங்காலம் நம்மைப் பிடுங்கும் கியூலெக்ஸ் கொசுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இயல்பாகவே இருக்கிறது. அது உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. அதையே டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் குடியேற்றினால் டெங்கு வைரஸ் அதற்குள் சரியாகப் பெருகுவதில்லை. 2022இல் புதுச்சேரி ஆராய்ச்சி மையம் அப்படிப்பட்ட ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இப்போது வோல்பாக்கியா கொசுவுக்கு நண்பனா, பகைவனா? உடனுறையி என்றால் இந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை.

‘உடனுறைவி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தலைவி, மாணவி மாதிரி யாரோ ஒரு பெண்மணி வந்து நிற்கிறாள், வேண்டாம். ‘உறை’ என்றால் ஃப்ரீசர் ஞாபகம் வருகிறது என்றவருக்கு: எனக்கு உறைமோர்தான் ஞாபகம் வந்தது. அதுவும் நுண்ணுயிரி விவகாரம்தானே?

உள்ளே இடம் கொடுக்கும் உயிருக்கு (host) வழங்கும் ‘ஓம்புயிரி’யை நான் தொடப்போவதில்லை. அந்தக் கணவாய் நிஜமாகவே ஓம்புகிறது. ஒட்டுண்ணி விஷயத்தில் அது பொருந்தாதுதான், ஆனால் பாடப்புத்தகத்தில் வேரூன்றிய சொல்லைப் பிடுங்கி என்ன செய்ய?

அடுத்த சிக்கல், வைரஸுக்கு வழங்கும் ‘நச்சுயிரி’. செடிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்குள் ஹேமில்டனெல்லா என்ற பாக்டீரியா, அந்த பாக்டீரியாவுக்குள் ஒரு வைரஸ். குளவி அசுவினியின் உடம்புக்குள் முட்டையிட்டால், புழுவை வளரவிடாமல் அசுவினியைக் காப்பாற்றுவது அந்த வைரஸின் மரபணுக்கள். வைரஸ் தொலைந்துபோனால் பாக்டீரியா இருந்தும் காப்பு இல்லை என்று 2009இல் கெர்ரி ஆலிவர், நான்சி மோரன் குழுவினர் காட்டினார்கள். உயிரைக் காக்கும் ஒன்றை நச்சுயிரி என்று எழுதக் கை வரவில்லை. லத்தீனிலும் வைரஸ் என்றால் நஞ்சுதான் என்று நம் மருத்துவ நண்பர் சொல்வார். சரிதான், ஆனால் லத்தீன் நஞ்சு எங்கள் பிள்ளைகளுக்குப் புரியாது, தமிழ் நஞ்சு புரியும். அதனால் வைரஸ் என்றே விட்டிருக்கிறேன். இதே கணக்கில், அந்த வைரஸுக்கு பாக்டீரியா ஓம்புயிரி, பாக்டீரியாவுக்கு அசுவினி ஓம்புயிரி. ஒண்டுக்குடித்தனத்துக்குள் உள்வாடகை!

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உடனுறையிக்கு மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். முக்கியமாக, பன்மையில் ‘உடனுறையிகள்’ நாக்கில் புரளுகிறதா என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து