நிக்கல்–ஹைட்ரஜன் குழாயில் 28 வாட் மிகை வெப்பம்: எந்த வழிமுறை பொருந்தும்?

மண்டைக்காடு_சுருள்:
அலுமினா குழாயில் 1 கிராம் நிக்கல் பொடி, 0.1 கிராம் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு (சூடானால் ஹைட்ரஜனை வெளிவிடும்). நிக்கல்–ஹைட்ரஜனில் மிகை வெப்பம் வருவதாக ரஷ்ய ஆய்வாளர் பார்க்கோமோவ் 2014 கடைசியில் காட்டிய அதே கலவை. வெளியே சூடேற்றும் காந்தல் (Kanthal) கம்பிச் சுருள், டிம்மர் வழியாக 300 வாட். உள்ளே ஒரு முனையிலிருந்து நுழைத்த உறையில் கே வகை தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி). ஒப்பீட்டுக்கு ஆர்கான் அடைத்த குழாய். அது 1000 டிகிரி செல்சியஸ் காட்டும்போது ஹைட்ரஜன் குழாய் 1030 காட்டுகிறது, 4 மணி நேரமாக. வெப்பக் கதிர்வீச்சின் நாலாம் அடுக்கு விதிப்படி மிகை ஏறத்தாழ 28 வாட். கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கவுண்டரும் கொஞ்சம் ஏறுகிறது. நிக்கல் அணுக்கரு புரோட்டானைப் பிடிக்கிறதா, உலோகப் பரப்பில் நியூட்ரான் உருவாகிறது என்ற விடம்–லார்சன் கோட்பாடா, வெறும் வேதியியலா? ஆய்வறை மணவாளக்குறிச்சிப் பக்கம்.

கலோரி_நாகர்கோவில்:
தம்பி, வேதியியலை முதலில் கழித்துவிடலாம். 28 வாட் 4 மணி நேரம் என்றால் 400 கிலோஜூல். உள்ளே இருக்கிற ஹைட்ரைடு முழுக்க எரிந்தாலும் 4 கிலோஜூல்தான், நிக்கல் மொத்தமும் ஆக்சைடானால் இன்னொரு 4. நிக்கல் ஹைட்ரஜனை உள்வாங்குவதோ இந்த அழுத்தத்தில் லேசாக வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் செயல்.

அணுக்கரு பக்கம் போனால், நிக்கல் 62 ஒரு புரோட்டானைப் பிடித்துத் தாமிரம் 63 ஆகையில் 6.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரும். 28 வாட்டுக்கு நொடிக்கு 28 லட்சம் கோடி வினை வேண்டும். அத்தனை காமா வெளியே வந்திருந்தால் ஒரு மீட்டரில் நின்றவர் ஒரு மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தான அளவை வாங்கியிருப்பார். விடம்–லார்சனில் எலக்ட்ரானும் புரோட்டானும் நியூட்ரானாக 0.78 மெகா எலக்ட்ரான் வோல்ட் கூடுதலாக வேண்டும். அது உலோகப் பரப்பில் எங்கிருந்து வரும் என்பதற்கு நம்பும்படியான பதில் இல்லை. காமாவைக் கனத்த எலக்ட்ரான்கள் விழுங்கிவிடும் என்கிறார்கள். ரொம்ப சௌகரியமான விழுங்கல்.

எனக்குச் சந்தேகம் ஆர்கான் மேல்தான். அறை வெப்பநிலையில் ஹைட்ரஜன் அதைவிடப் பத்து மடங்கு வெப்பம் கடத்தும். தெர்மோகப்பிள் உறை வெப்பத்தைக் குளிர்ந்த முனைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஆர்கானில் சுவரோடு தொடர்பு மோசம் என்பதால் முனை குறைவாகக் காட்டும். ஹைட்ரஜனில் சுவரை நெருங்கிவிடும். சுவர் மாறவே இல்லாமல் 30 டிகிரி வித்தியாசம் வரும். பொக்கார்டி, ஹாபெல், பியாந்தெல்லி 1994இல் சொன்ன நிக்கல் தண்டு சோதனையை 1996இல் சேர்ன் (CERN) ஆய்வகத்தில் திரும்பச் செய்தவர்களுக்கும் வெப்பநிலை மாற்றம் கிடைத்தது, மிகை வெப்பம் கிடைக்கவில்லை.

ஒப்பீட்டுக் குழாயில் அதே நிக்கலை வைத்து ஹீலியம் அடையுங்கள். கடத்துதிறன் ஹைட்ரஜனுக்குக் கிட்டத்தட்ட வரும். பிறகு குழாயை நீர் உறைக்குள் வைத்து நிமிடத்துக்கு 200 மில்லி ஓட விடுங்கள். 300 வாட்டுக்கு நீர் 21 டிகிரி ஏறும், 28 வாட் நிஜமென்றால் மேலும் 2 டிகிரி. நீரின் வெப்பநிலையை அளக்க பிடி100 உணரி இரண்டு போதும்.

தக்கலை_ஷண்ட்:
மக்கா, டிம்மரை முதல்ல கழட்டு. அலையை வெட்டித் தருகிற மின்னோட்டத்தைச் சாதாரண கிளாம்ப் மீட்டர் குறைச்சுத்தான் காட்டும். வெட்டுற கோணம் மாற மாற பிழையும் மாறும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினா நீ டிம்மரைத் திருப்புவ, ரெண்டு ஓட்டத்துலயும் 300 வாட் ஒண்ணா இருக்காது. 48 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (நேர்மின்னோட்டம் தர்ற பவர் சப்ளை) போடு, 75 மில்லிவோல்ட் ஷண்ட்ல (அளவீட்டு மின்தடை) மின்னோட்டத்தை அள. வோல்டேஜைச் சுருள் முனையிலேயே எடு.

மண்டைக்காடு_சுருள்:
ஹீலியம் கிடைக்கும் அண்ணே. ஆனால் கைகர் ஏறுவது?

மணல்_காமா:
தோரியம் கொண்ட மோனசைட் மணல் கரையில் கைகரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. தோரியம் தொடரில் வரும் தோரான் என்ற கதிரியக்க வாயு மூடிய அறையில் தங்கும், அதன் வழித்தோன்றல் ஈயம் 212க்கு அரை ஆயுள் 10.6 மணி. ஜன்னலைச் சாத்திச் சூளையை ஓட்டினாலே எண்ணிக்கை ஏறலாம். காமாவின் ஆற்றலை அளக்கும் சோடியம் அயோடைடு உணரி வைத்தாலும் ஒரு பொறி உண்டு: பாசிட்ரான் அழிவின் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோட்டுக்குப் பக்கத்திலேயே தோரியம் தொடரில் வரும் தாலியம் 208இன் 510.8 இருக்கிறது. இரண்டையும் அந்த உணரி பிரிக்காது. 2614இல் தாலியத்தின் இன்னொரு கோடு தெரிந்தால் மணல்தான். எதிரெதிராக இரண்டு உணரி வைத்து ஒருங்கே வரும் துடிப்புகளை மட்டும் எண்ணுங்கள். நிக்கல் 58 புரோட்டானைப் பிடித்தால் பாசிட்ரானை வெளிவிடும் தாமிரம் 59 வரும், அரை ஆயுள் 81.5 நொடி. சூட்டை அணைத்தபின் அந்த வேகத்தில் எண்ணிக்கை விழுகிறதா பாருங்கள்.

கலோரி_நாகர்கோவில்:
ஒன்று விட்டுப்போனது. உள் இடம் 5 மில்லி என்றால் 0.1 கிராம் ஹைட்ரைடு 1000 டிகிரியில் 80 முதல் 110 பார் வரை அழுத்தம் தரும், அலுமினா சொல்லாமல் வெடிக்கும். எஃகு மறைப்புக்குப் பின்னால் வையுங்கள். ஹைட்ரைடை நம்மூர் ஈரக்காற்றில் திறக்கவே வேண்டாம், ஆர்கான் பெட்டிக்குள் நிறுத்துப் போடுங்கள்.