அமெரிக்காவுக்கு கிராண்ட் ஜூரி இன்னும் தேவையா?

மருதன்:
ஒருவர் மீது குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று விசாரணைக்கு முன்பே முடிவெடுக்கும் குடிமக்கள் குழுதான் கிராண்ட் ஜூரி. ஃபெடரல் (மத்திய அரசு) வழக்குகளில் அது வெறும் சடங்காகிவிட்டது என்பது என் கருத்து. கடுங்குற்றம் சாட்டப்படும் எவரையும் இந்தக் குழு ஒப்புக்கொண்ட பிறகே விசாரணைக்கு நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 5-ஆவது திருத்தம் கூறுகிறது. ஆனால் 16 முதல் 23 பேர் வரை அமரும் அந்த அறையில் நீதிபதி இருப்பதில்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் இடமில்லை. 12 பேர் இசைந்தால் போதும். குற்றமின்மையைக் காட்டும் சான்று கையில் இருந்தாலும் அதை அங்கே முன்வைக்கும் கடமை அரசு வழக்கறிஞருக்கு இல்லை என்று 1992-இல் வில்லியம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2010-இல் ஏறத்தாழ 1,62,000 ஃபெடரல் வழக்குகளில் கிராண்ட் ஜூரி மறுத்தவை 11 மட்டுமே.

தாமரைச்செல்வி:
அந்த 11 என்ற எண்ணை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஜூரி முன் நிற்காது என்று தெரிந்த வழக்கை அரசு வழக்கறிஞர் அங்கே கொண்டுபோகவே மாட்டார் என்பதை அந்த எண் காட்டுவதில்லை. 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஃபெடரல் அதிகாரி ஒருவர் மீது சாண்ட்விச்சை வீசியவர் மீது கடுங்குற்றம் சாட்ட முயன்றபோது கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. அரசுத் தரப்பு அதைச் சிறு குற்றமாகக் குறைத்து வழக்கு நடத்தியது. பின்னர் வழக்கு விசாரணையில் தீர்ப்பு சொல்லும் ஜூரியும் அவரை விடுவித்தது. அரசின் மிகையான ஆர்வத்தை வாசலிலேயே நிறுத்தியவர்கள் சாதாரண நகரவாசிகள் என்பதைத் தாங்கள் எப்படிப் புறந்தள்ளுகிறீர்கள்?

மருதன்:
புறந்தள்ளவில்லை. ஆனால் அதே கதவு காவலர்களுக்கு மட்டும் வேறு விதமாகத் திறக்கிறது. 2014-இல் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்ற காவலர் மீதான வழக்கு மிசூரி மாநில கிராண்ட் ஜூரி முன் வந்தபோது, எந்தக் குற்றத்தைச் சாட்டுவது என்று பரிந்துரைக்காமல் அரசுத் தரப்பு 60 சாட்சிகளை மாதக்கணக்கில் நிறுத்தியது. வழக்கமாகச் சில மணி நேரத்தில் முடிகிற வேலை அது. முடிவில் குற்றச்சாட்டே இல்லை. பொறுப்பு ஜூரியின் தலையில் விழுந்தது. 2020-இல் காவலர்கள் சுட்டுக் கொன்ற பிரியானா டெய்லர் என்ற பெண்ணின் வழக்கிலோ, கொலைக் குற்றச்சாட்டு தங்கள் முன் வைக்கப்படவே இல்லை என்று ஜூரி உறுப்பினர்களே பின்னர் வெளிப்படையாகக் கூறினார்கள். இந்த முறையைப் பெற்றெடுத்த இங்கிலாந்தே 1933-இல் அதை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டது.

இளவேனில்:
ஒரு சிறு திருத்தம்: 5-ஆவது திருத்தத்தின் இந்தப் பகுதி மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1884-இலேயே ஹுர்டாடோ வழக்கு தீர்த்துவிட்டது, பல மாநிலங்களில் நீதிபதி முன் நடக்கும் முன்விசாரணையே போதும். எனவே ஃபெடரல் முறையையும் மாநில முறைகளையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. மேலும் நீங்கள் இருவரும் விட்டுவிட்டது, சாட்சிகளையும் ஆவணங்களையும் கட்டாயமாக வரவழைக்க கிராண்ட் ஜூரிக்கு உள்ள அதிகாரம். 1974-இல், வாட்டர்கேட் ஊழலை (எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலையும் அதை மூடிமறைத்ததையும்) விசாரித்த கிராண்ட் ஜூரி வெள்ளை மாளிகை உதவியாளர்கள் உள்ளிட்ட 7 பேர் மீது குற்றஞ்சாட்டியதோடு, அப்போதைய அதிபர் நிக்சனைக் குற்றஞ்சாட்டப்படாத கூட்டுச் சதியாளர் என்றும் குறித்தது.

தாமரைச்செல்வி:
நன்றி. கலைப்பதற்குப் பதில் திருத்தலாம் என்பதுதான் என் வாதம். நியூயார்க்கில் குற்றஞ்சாட்டப்படுபவர் தன் வழக்கறிஞர் உடனிருக்க கிராண்ட் ஜூரி முன் சாட்சியம் அளிக்கலாம். இதை ஃபெடரல் முறைக்கும் கொண்டுவரலாமே?

மருதன்:
அந்த உரிமையைப் பயன்படுத்துபவர் விலக்குரிமையை, அதாவது சாட்சியம் அளிப்பவருக்கு வழக்கிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பை, கைவிடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே சொல்வதெல்லாம் பின்னர் அவருக்கெதிராகவே வரலாம். அதனால்தான் பெரும்பாலான வழக்கறிஞர்கள் தங்கள் கட்சிக்காரரை அந்த அறைப் பக்கமே போகவிடுவதில்லை. சான்றுகளை மறைக்காமல் வைக்கும் கடமையை முதலில் அரசுத் தரப்பின் மீது சட்டமாக்குங்கள். வில்லியம்ஸ் தீர்ப்பை மாற்ற அரசியலமைப்புத் திருத்தம்கூடத் தேவையில்லை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நினைத்தால் போதும்.