துகள் உலோகங்களில் காந்தப்புலம் மின்தடையைக் குறைப்பது ஏன்?

கேள்வி (முதுகலை மாணவி, பினாங்கு): வணக்கம். ஆக்சைடால் பிரிக்கப்பட்ட அலுமினியத் துகள்படலங்களில், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில், வலிமையான காந்தப்புலம் மின்தடையைக் குறைக்கிறது என்கிறார்கள். சாதாரண உலோகத்தில் தடை கூடுவதல்லவா வழக்கம்?

பதில் (கெப்போங்): துகள்கள் மீக்கடத்திகளாக (மின்தடையின்றி மின்னோட்டத்தைக் கடத்துபவையாக) இருந்தும் அவற்றிடையே பிணைப்பு வலுவற்றிருந்தால், எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கூப்பர் இணைகளாகக் கட்டுண்டு கிடப்பதால், இணையை உடைக்கத் தேவையான ஆற்றல் இடைவெளியைத் தாண்டாமல் ஒற்றை எலக்ட்ரான் அடுத்த துகளுக்கு ஊடுருவ இயலாது, புலம் அந்த இணைகளை உடைத்ததும் ஊடுருவல் எளிதாகி, தடை இறங்குகிறது.

பதில் (பட்டர்வொர்த்): ஐயா கூறியது சரியே, ஆயினும் மீக்கடத்தல் இல்லாத படலங்களிலும் தடை குறையலாம். ஒரே சுற்றுப்பாதையை எதிரெதிராகக் கடக்கும் எலக்ட்ரான் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தடையைக் கூட்டும் குறுக்கீட்டைப் புலம் குலைப்பதே அங்கே காரணம். 1992இல் கோபால்ட்–செம்புத் துகள் கலவையில் கண்ட பெருங்காந்தத்தடை (காந்தத் துகள்களின் காந்தத் திசைகளைப் புலம் ஒருசீராக்குவதால் தடை பெரிதும் குறைவது) இவ்விரண்டிலிருந்தும் முற்றிலும் வேறு.

மாணவி: நன்றி ஐயா. முதலிரண்டு காரணங்களையும் எவ்வாறு பிரித்தறிவது?

பதில் (பட்டர்வொர்த்): மெல்லிய படலமானால், புலத்தைப் படலத்துக்கு இணையாகத் திருப்பி அளந்து பாருங்கள்; குறுக்கீட்டு விளைவு பெரிதும் மங்கிவிடும்.