பேண்டு செட் ஆட்களோட ப்ளூஸ்: எங்கல்லாம் இடிக்கும்?

பாளை கீபோர்டு: ஜாஸும் சோலும் கலந்த இப்போதைய ப்ளூஸ் ஆல்பங்களை (மூணுமே அமெரிக்கக் கறுப்பின மக்களோட இசைவகை), நம்ம ஊர் பேண்டு செட் சாக்ஸபோன், ட்ரம்பெட் ஆட்களைச் சேர்த்து வாசிக்கப் பார்க்கிறவங்களுக்காக இந்த இழை. எங்க இடிக்குது, என்ன பண்ணணும், தெரிஞ்சதைப் போடுங்க.

அம்பை கிட்டார்: முதல் இடி ஸ்ருதிதான் அண்ணாச்சி. கிட்டாருக்கு ஈ-யும் ஏ-வும் லேசு. ஆனா சாக்ஸ், ட்ரம்பெட்டுக்கு எழுதுற ஸ்வரம் வேற, காதுல விழுற ஸ்வரம் வேற; நாம ஈ-ல வாசிச்சா ஆல்ட்டோ சாக்ஸுக்கு அது சி ஷார்ப், ஏழு ஷார்ப் வரும். பாவம், மனுஷன் என்ன செய்வாரு. சி-க்கு மாத்துங்க: ஆல்ட்டோவுக்கு ஏ, டெனாருக்கும் ட்ரம்பெட்டுக்கும் டி, யாருக்கும் நோகாது. கிட்டார்ல மூணாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு ஏ வடிவத்துலயே பிடிச்சா சி வந்துரும்.

பாளை கீபோர்டு: அடுத்தது கார்டு, அதாவது ஒண்ணாச் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள். சாதா பன்னிரண்டு பார் (நாலு தட்டு ஒரு பார்) சி-ல: சி7 நாலு பார், எஃப்7 ரெண்டு, சி7 ரெண்டு, அப்புறம் ஜி7, எஃப்7, சி7, ஜி7 ஒவ்வொண்ணு. ஜாஸ் வழியில எட்டாவது பார்ல ஏ7 வரும், ஒன்பதுல டி மைனர்7, பத்துல ஜி7. பத்தாவது பார்தான் வம்பு. கிட்டார் பழக்கத்துல எஃப்7 பிடிக்கும், கீபோர்டு ஜி7 போடும். எஃப்7-ல இருக்கிற சி-யும் ஜி7-ல இருக்கிற பி-யும் ஒண்ணா முட்டும். ரெண்டுல எந்த வழின்னு முன்னாலயே பேசிருங்க.

பேஸ் இருந்தா கீபோர்டு இடது கையைத் தூக்கிருங்க. சி7-க்கு ஈ, பி பிளாட் ரெண்டு ஸ்வரம் போதும். எஃப்7 வரும்போது ரெண்டையும் அரை ஸ்வரம் இறக்குனா ஈ பிளாட், ஏ. கார்டு மாறிருச்சு!

அம்பை கிட்டார்: ப்ளூஸோட உயிரு மூணாவது ஸ்வரம், நம்ம காந்தாரம். சி-ல வாசிக்கும்போது ஜி கம்பி எட்டாவது ஃப்ரெட்ல ஈ பிளாட் இருக்கு. அதை ஆள்காட்டி விரலால லேசா கீழ இழுத்து, ஈ-க்கு எட்டாம பாதியில நிறுத்தணும். நாதஸ்வரக்காரங்களுக்கு மூச்சுலயும் உதட்டுலயும் இது தானா வரும். காருகுறிச்சி அருணாசலம் பிறந்த சீமைக்குச் சொல்லியா தரணும்? ஒண்ணு மட்டும், அந்தக் காந்தாரத்தை ஆட்டிராதீங்க. நிக்கணும். ஆட்டுனா ராகம் ஆயிரும், ப்ளூஸ் ஓடிரும்.

தென்காசி டிரம்ஸ்: ஷஃபிள்னா திஸ்ரம், ஒரு தட்டு மூணாப் பிரியும்; அதுல முதலும் மூணாவதும் விழும், நடு காலி. சோல் பாட்டுல பெரும்பாலும் நேர் பதினாறாம் தட்டு, ஒரு தட்டு நாலு சமமாப் பிரியும். ஒரே பாட்டுல டிரம்ஸ் ஷஃபிளும் கீபோர்டு நேரும் போனா கால் தடுமாறும். ஸ்னேர் ரெண்டுலயும் நாலுலயும். கூட்டம் ஒண்ணுலயும் மூணுலயும் கைதட்டும், தட்டட்டும். அவங்க பின்னால போயிராதீங்க.

பேட்டை பேஸ்: பேண்டு செட் ஆட்கள் தெருவுல, சப்பர ஊர்வலத்துல ஊதிப் பழகுனவங்க, விடாம ஊதுவாங்க. இங்க பாடகர் நாலு பார்ல ஏறக்குறைய ரெண்டு பார் பாடுவார், மிச்சம்தான் ஊதுகுழலுக்கு. வில்லுப்பாட்டுல பின்பாட்டு "ஆமா" போடுற இடம் மாதிரின்னு சொன்னா உடனே பிடிச்சுக்குவாங்க. குட்டையா வெட்டி ஊதணும், இழுக்கக்கூடாது.

அம்பை கிட்டார்: மைனர் ப்ளூஸுக்கு அமெரிக்க ப்ளூஸ் கிட்டார்க்காரர் பி.பி. கிங் 1969-ல வெளியிட்ட 'தி த்ரில் இஸ் கான்' கேளும்வே. பி மைனர், ஒன்பதாவது பார்ல ஜி மேஜர்7, பத்துல எஃப் ஷார்ப்7. வயலின் கூட்டம் சேர்ந்ததால பாதி சோல் ஆயிருச்சு. நம்ம ஆட்களுக்கு அரை ஸ்வரம் ஏத்தி சி மைனர்ல வைங்க: ஆல்ட்டோவுக்கு ஏ மைனர், டெனாருக்கு டி மைனர்.

பேட்டை பேஸ்: மண்டபத்துல எர்த் சரியில்லன்னா கிட்டார்ல 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற ஒற்றைக் காந்தச் சுருள்) உள்ள கிட்டார்னா பிக்கப் ஸ்விட்சை ரெண்டாவது இடத்துலயோ நாலாவது இடத்துலயோ வைங்க. நடு பிக்கப் தலைகீழாச் சுத்துனதா இருந்தா இரைச்சல் அடங்கிரும். அதுக்கும் அடங்கலன்னா டியூப்லைட்டை அணைச்சுப் பாருங்க.