எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர் வீட்டில் தோட்டா நிரப்பப் போகலாமா?

கேள்வி: டெக்சாஸில் டல்லாஸ் அருகே குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. உடன் வேலை செய்யும் அமெரிக்கர் ஒருவர், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பித் தன் வீட்டு கராஜிலேயே தோட்டா செய்கிறார். கடை விலையில் பாதிதான் ஆகிறதாம். சனிக்கிழமைகளில் என்னையும் அழைக்கிறார். துப்பாக்கி வாங்கும் எண்ணம் எனக்கில்லை. தோட்டாவின் பாகங்களை அழுத்திச் சேர்க்கும் பிரஸ் என்ற கருவியின் கைப்பிடியை இழுத்துப் பழகத்தான் ஆசை. போகலாமா அண்ணா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. கிரீன் கார்டு வந்த பிறகு இதைத் தொடங்கி, பதினோரு வருடமாகச் செய்துவருகிறேன். எனக்கு மிகப் பிடித்த வேலை இது. ஆனாலும் உங்களைத் தடுக்கிறேன்.

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. டெக்சாஸில் எவ்வளவு தாராளம் இருந்தாலும் இது மாறாது. நம்மவர்கள் பலரும் தவறவிடுவது அடுத்த விஷயத்தை. முழுத் தோட்டாவை மட்டும் சட்டம் தோட்டா என்று சொல்லவில்லை. கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், முனையிலிருந்து பாயும் குண்டு, வெடிமருந்து ஆகிய நான்கில் எது தனியாக இருந்தாலும் அதுவும் தோட்டாவே. ஆகவே "கைப்பிடியைத்தானே இழுத்தேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். விசாவும் அதோடு போய்விடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அமெரிக்க மாநிலம் ஏதேனும் முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. அதை எடுத்தாலும், குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு இறங்குங்கள். சுடும் மையத்தில் வாடகைத் துப்பாக்கியைத் தொடுவதற்கும் இதுவே விதி. அலுவலகத்தில் எல்லோரும் போகிறார்களே என்று சேர்ந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: நான் கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். காசு உண்மையில் மிச்சமாகுமா?

பதில்: எந்தத் தோட்டா என்பதைப் பொறுத்தது. சொந்த உபயோகத்துக்கு நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்றால் தேவை. இல்லினாய் போன்ற மாநிலங்களில் தோட்டா வைத்திருக்கவே தனி அட்டை வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டாவில் விலை கூடியது பித்தளைக் கூடுதான். அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால்தான் காசு மிச்சமாகிறது. மருந்தைப் பவுண்டுக் கணக்கில் வாங்குகிறோம். அதை நிறுக்கும் சிறு எடை அளவு கிரெயின், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். வேட்டைத் துப்பாக்கிக்கு ஒரு தோட்டாவுக்கு 40 கிரெயின் போட்டால் 175 தோட்டா வரும். அந்த வகையில் சேமிப்பு நிச்சயம் தெரியும். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டா கடையிலேயே மலிவு. அதற்காக பிரஸ், தராசு, அச்சு என்று சில நூறு டாலர் போட்டால், போட்டதை எடுக்கவே நெடுநாள் ஆகும். நான் மிச்சம் பிடித்த காசெல்லாம் கூடுதலாகச் சுடுவதில்தான் போனது. வீட்டுச் செலவைக் குறைக்கத்தான் இது என்று மனைவியிடம் சொல்லித் தொடங்காதீர்கள்.

காசைவிட எனக்குக் கவலை குழந்தைகள். சாதாரண பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும்போது எழும் தூசியிலும் ஈயம் வரும். நாம் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், பிள்ளைகள் அதே தரையில் தவழ்கிறார்கள். சமையலறை மேசையில் ஒருபோதும் செய்யாதீர்கள். அடுக்குமாடி வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் முதலில் வாசியுங்கள். மருந்தை அதன் சொந்தப் புட்டியிலேயே, பூட்டி வையுங்கள். காலி ஊறுகாய்ப் புட்டியில் மாற்றி வைக்கும் பழக்கம் இங்கே ஆளைக் கொல்லும்.

அளவு எப்போதும் அச்சிட்ட கையேட்டில் உள்ளதுதான். நண்பர் வாயால் சொன்னது வேண்டாம். கைத்துப்பாக்கி மருந்து பல வகைகளில் கூட்டின் பாதியைக்கூட நிறைக்காது. தவறி இரண்டு முறை போட்டாலும் வெளியே தெரியாது. சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அதனால் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்த பிறகே குண்டை வையுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் சென்னைக்குப் போகிறேன். சுடும் மையத்துக்குக் கொண்டுபோகும் முதுகுப்பைதான் இருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: வேறு பை வாங்குங்கள். மடிப்பில் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் பயணிகளைப் பிடித்து, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிந்திருக்கிறார்கள். தெரியாமல் வந்தது என்று நிரூபிக்க நீதிமன்றம் வரை அலைய வேண்டும். விடுமுறை அதிலேயே முடிந்துவிடும். வெற்றுக் கூடு கூட இருக்க வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் இன்றிரவே பையைத் தலைகீழாகக் கொட்டி, தண்ணீர்ப் புட்டி வைக்கும் பக்கப் பை, அடித்துணியின் மடிப்பு, சட்டைப் பைகள் எல்லாவற்றிலும் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்.